கருகினது இலைதான்!

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எங்களுக்குப் பேசப் பொருள் எடுத்துக் கொடுத்துவிட்டு இளைப்பாறிக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டில் பொங்கல் கரும்பைக் கடித்தபடி நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

"உறைபனியில் பூச்செடி பிழைப்பது அதிர்ஷ்டத்தாலா, வளர்ப்பவர் அக்கறையாலா?" இதுதான் தலைப்பு. எதிரணி அம்மா ஒரு கதை சொன்னாங்க. ஊட்டியிலே அவங்க சித்தி வீட்டு வாசல்ல ஒரு டேலியா. மார்கழிப் பனியிலே ஒரே ராத்திரியில கருகிப் போச்சாம். செத்துப் போச்சுன்னு விட்டுட்டாங்களாம். மாசியிலே பார்த்தா துளிர்! "யாரும் ஒண்ணும் செய்யலே, அதிர்ஷ்டம்"னாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஏன்னா, அவங்க எனக்குத்தான் சாட்சி சொல்லிட்டுப் போயிருக்காங்க. (சிரிப்பு)

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உறைபனி எப்போ விழும்? மேகமில்லாத, காத்தடிக்காத ராத்திரியிலேதான். மேகம் என்பது பூமிக்குப் போர்வை. அது இல்லேன்னா தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போயிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணி மாதிரி சரிஞ்சு பள்ளத்துக்குப் போய்த் தேங்கும். அதனாலதான் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் மாதிரி இடங்களிலே புல்வெளி வெள்ளை வேட்டி விரிச்ச மாதிரி கிடக்கும். மேட்டிலே இருக்கிற வீட்டுக்காரர் "அப்படியா, பனியா?"ன்னு கேட்பார்.

அந்தக் குளிரிலே இலைக்குள்ளே ஐஸ் கட்டுது. முதல்ல அறைகளுக்கு வெளியே கட்டும். கட்டக் கட்ட உள்ளே இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுக்கும். அறைச் சவ்வு கிழிஞ்சு போகும். காலையிலே பார்த்தா வேகவைச்ச கீரை மாதிரி இலை தொங்கும். உடனே நாம ஒப்பாரி வைக்கிறோம். கருகினது இலைதான் ஐயா! செடியோட உயிர் கீழே கிழங்கிலே இருக்கு. நீலகிரியில பகல்ல வெயில் காயுது. மண்ணு ஆழமா உறையறதில்லே. டேலியா பிறந்த ஊர் மெக்சிகோ மலை. மேலே காய்ஞ்சு கீழே தூங்குறது அதுக்குப் பரம்பரைப் பழக்கம். குணத்தைப் போய் அதிர்ஷ்டம்னு சொல்லலாமா?

"அப்போ செடியே தன்னைக் காப்பாத்திக்குதே, அக்கறை எங்கே வந்தது?"ன்னு எதிரணித் தலைவர் கையைத் தூக்குறார். வர்றேன். அந்த அம்மாவே சொன்னாங்க, நீங்க குறிச்சு வைச்சிருப்பீங்க நடுவர் அவர்களே: செடி வாசப்படியோரம், சுவரை ஒட்டி இருந்தது. சித்தி தினமும் பெருக்குற சருகையெல்லாம் அதன் காலடியிலே தள்ளுவாங்க. பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி விடுறது சுவர். மண்ணு சூடு போகாம பார்த்துக்கிறது சருகு. படியோரம் தண்ணி நிற்காது. நின்றிருந்தா கிழங்கு அழுகியிருக்கும். குளிரில் செத்த கிழங்கைவிட ஈரத்தில் அழுகின கிழங்கு அதிகம்னு தோட்டக்காரர்களைக் கேட்டா சொல்வாங்க. இத்தனையும் செய்துட்டு அந்தத் தாய் "நான் ஒண்ணும் செய்யலே"ங்கிறாங்க. நம்ம வீட்டுப் பெண்கள் செய்ற வேலைக்கெல்லாம் இதுதானே பேரு! (பலத்த கைத்தட்டல்)

இன்னும் ஒண்ணு செய்தாங்க. பிடுங்கலே. அதுதான் பெரிசு. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண்ணு. டேலியாவுக்குக் கழுத்திலே மட்டும்தான், பழைய தண்டு கிழங்கோடு சேருற இடத்திலே. செத்துப் போச்சுன்னு ஆத்திரத்திலே வெடுக்குனு இழுத்தா கழுத்து முறியும். கிழங்கு கொழுகொழுன்னு இருக்கும், துளிர் மட்டும் வராது. குளிர் கொல்லாததை நம்ம கை கொன்னுடும். இங்கிலாந்து மாதிரி மண்ணே உறைகிற ஊர்களிலே முதல் பனியில இலை கருகினதும் கிழங்கைப் பதமா தோண்டி, உலர்ந்த இடத்திலே வைச்சு, வசந்தத்திலே திரும்ப நடுறாங்க. அங்கே எந்த அதிர்ஷ்டம் வந்து தோண்டுது?

கிழங்கில்லாத காசித்தும்பை என்ன பண்ணும்? பனியிலே போனா போனதுதான். விதை எடுத்து வைச்ச வீட்டிலே மட்டும் அடுத்த வருஷம் பூக்கும்.

1848-இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மே மாதக் கண்காட்சிக்குப் போறோம். பூ முன்னாலே நின்னு போட்டோ எடுத்துக்கிறோம். பனிக்காலத்திலே அங்கே என்ன நடக்குதுன்னு பார்த்தவங்க எத்தனை பேர்? சாயங்காலமானா கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து நாற்றுகளுக்குக் கூரை மாதிரி மூடுறாங்க. விடியற்காலையிலே, வெயில் சுள்ளுனு படுறதுக்கு முன்னாலே, தண்ணி தெளிச்சுப் பனியைக் கழுவுறாங்க. நாம கம்பளிக்குள்ளே இருக்கிற நேரம் அது. கை விறைச்சுப் போகும். அந்தத் தொழிலாளியைப் பார்த்து, "அண்ணே, எல்லாம் அதிர்ஷ்டம்"னு எதிரணித் தலைவர் சொல்லிட்டு வரட்டும், நான் தோல்வியை ஒப்புக்கிறேன். ஆனா தண்ணிக் குழாய் அவர் கையிலே இருக்கும், ஜாக்கிரதை! (சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே. தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, அந்த அம்மாகிட்டே ஒரே ஒரு விண்ணப்பம். சித்தி வீட்டிலேருந்து எனக்கு ஒரு கிழங்கு வாங்கித் தரணும். கழுத்தோடு!