வாகனப் புகையும் நம் கடமையும்

டெங்கில் வட்டாரப் பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே!

பிராங் பெசார், மெடிங்லி, காலவே, செட்ஜ்லி ஆகிய தோட்டங்களின் நிலம் 1990-களில் புத்ராஜெயாவாக மாறத் தொடங்கியது. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல இங்குள்ள தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. லயத்திலிருந்து வேலைக் காட்டுக்கு நடந்தே சென்ற காலம் போயிற்று. இன்று பாங்கி, பந்திங், விமான நிலையம் என எங்கு வேலைக்குச் செல்வதானாலும் வாகனம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனும், செம்பனைக் குலை ஏற்றும் லாரியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆகவே, வாகனத்திலுள்ள ஒரு சிறிய உறுப்பைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். பட்டறைகளில் அதனை இ.ஜி.ஆர். வால்வு என்பர். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் கதவு அது.

வெளியே போகவேண்டிய புகையை மீண்டும் உள்ளே விடுவானேன் என்று கேட்கலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். எஞ்சினுக்குள் வெப்பம் மிக உயரும்போது, அது பிராணவாயுவுடன் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுவாகிறது. ஏற்கெனவே எரிந்த புகையை அளவோடு கலந்தால் அவ்வெப்பம் தணிகிறது, நச்சும் குறைகிறது. வாகனப் புகை வெயிலில் மாற்றமடைந்து, கண்ணெரிச்சல் தரும் மூட்டமாவதை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1950-களில் அறிஞர் ஹாகன் சிமிட் விளக்கிக் காட்டினார். பின்னர் வந்த சட்டங்களின் பயனாக, 1970-களில் அமெரிக்கக் கார்களில் இவ்வால்வு இடம்பெற்றது. நமது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வெயிலுக்கும் வாகனத்துக்கும் குறைவில்லை அன்றோ?

இவ்வால்வின் பகைவன் கரி. புகையிலுள்ள கரியும் எஞ்சின் எண்ணெயின் ஆவியும் சேர்ந்து, தார்போல் ஒட்டிக்கொள்கின்றன. டீசல் வாகனங்களில் இது மிகுதி. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், வண்டி நிற்கும்போது எஞ்சின் தடுமாறும், சில வேளைகளில் அணைந்துவிடும்; டீசல் வண்டி கரும்புகை கக்கும், மேட்டில் இழுவை குறையும். மூடியபடியே சிக்கினால் நச்சு வாயு பெருகும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் தட்டும் ஓசை கேட்கலாம். இரு நிலையிலும் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும்.

ஆனால், விளக்கு எரிந்தவுடனே புதிய வால்வு வாங்க ஓடுதல் வேண்டா. பட்டறையில் கணினிக் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். பி0401 என்னும் குறியீடு, புகை போதிய அளவு திரும்பவில்லை என்பதையும், பி0402 அளவுக்கு மேல் திரும்புகிறது என்பதையும் குறிக்கும். வால்வுதான் கெட்டது என்று அவை கூறவில்லை. குழாயில் அடைப்பு, வெடித்த ரப்பர்க் குழாய், அறுந்த மின்கம்பி ஆகியவையும் காரணமாகலாம். இவற்றை முதலில் பார்த்தல் வேண்டும்.

கரிதான் காரணம் என்றால் பெரும்பாலும் கழுவினாலே போதும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே கை வைக்கவேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. மின் இணைப்பையும் போல்ட்டுகளையும் கழற்றி வால்வை எடுக்கலாம். சில டீசல் எஞ்சின்களில் குளிரூட்டும் நீர்க்குழாயும் இதனுடன் இணைந்திருக்கும். அத்தகையவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுவது நலம். கரியைக் கரைப்பதற்கென்றே விற்கும் தெளிப்பு மருந்தும் மென்மையான தூரிகையும் போதும். பெட்ரோலில் கழுவுதல் கூடாது. அது தீ விபத்துக்கு வழி. மின் பகுதியை மருந்தில் ஊறவைப்பதும், வால்வு அமரும் இடத்தைக் கத்தியால் சுரண்டுவதும் தவறு. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க. திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கெட் இட்டு, போல்ட்டுகளைச் சீராக இறுக்கவேண்டும்.

கழுவிய பின்னும் வால்வு அசையவில்லை, உள்ளேயுள்ள மின்மோட்டாரோ சென்சாரோ கெட்டுவிட்டது, ரப்பர்த் தகடு கிழிந்துவிட்டது என்றால், மாற்றத்தான் வேண்டும். அப்பொழுது வண்டியின் எஞ்சின் எண்ணுக்குப் பொருந்தும் வால்வையே கேட்டு வாங்குக. சில வண்டிகளில் புதிய வால்வைக் கணினிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். விலையை முன்கூட்டியே கேட்பதும், பழைய பொருளைக் காட்டச் சொல்வதும், ரசீது பெறுவதும் நம் உரிமை.

மற்றொன்று முக்கியமாகக் கூறவேண்டும். மெல்லிய தகடு ஒன்றை வெட்டிக் குழாயை அடைத்துவிட்டால் தொல்லையும் செலவும் ஒழியும் என்று கூறுவோர் உண்டு. அடைத்தவுடன் வண்டி சற்று விரைவாக ஓடுவதுபோல் தோன்றலாம். ஆயினும், அடக்கி வைத்திருந்த நச்சு அப்படியே வெளியேறுகிறது. புதுவகை வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு அணையாது. கணினி எஞ்சினின் வலுவையே குறைத்துவிடவும் கூடும். அந்நச்சு நுரையீரலை உறுத்தும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கேடு மிகுதி. நம் வேனின் பின்னால் நின்று அப்புகையை விழுங்குபவர் யார்? அதே வேனில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகள் அல்லவா! சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்த, அவர்கள் மூச்சை விலையாகக் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

வருமுன் காப்பதற்குச் சில எளிய பழக்கங்கள் உண்டு. எஞ்சின் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றுக. செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்த்துச் சுத்தம் செய்க அல்லது மாற்றுக. பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்துக. கடைக்கும் பள்ளிக்குமாகச் சிறு தொலைவே ஓடும் டீசல் வண்டியை, வாரம் ஒருமுறையேனும் நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டுவது கரி சேர்வதைக் குறைக்க உதவும்.

அன்பர்களே, முதலில் சோதிப்போம், பின்பு கழுவுவோம், கெட்டது உறுதியானால் மட்டுமே மாற்றுவோம், எந்நாளும் அடைக்கமாட்டோம். இவ்வொழுங்கைக் கடைப்பிடித்தால் நம் உழைப்பின் ஊதியம் வீணாகாது. டெங்கில் வட்டாரக் காற்றும் நம் பிள்ளைகளுக்குத் தூயதாய் இருக்கும்.