யாருடைய கைபேசியில் ஓட வேண்டும்?

நாகர்கோவிலில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்றுப் பேசுகிறேன்.

மென்பொருள் திறன் என்றதும் நாம் நொடிகளைக் கணக்கிடுகிறோம். குமரி மாவட்டத்தில் நின்று பேசுகிறவர்கள் ஆட்களையும் கணக்கிட வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிக்கு சிக்னல் இல்லை. எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதன்பின், 2019 அக்டோபரில் 'ஜெமினி' கருவி வந்தது. விமானப் போக்குவரத்துக்கான 'ககன்' செயற்கைக்கோள் சேவை வழியாக, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கைகள் அக்கருவிக்கு வரும். கருவி அவற்றைப் புளூடூத் மூலம் கைபேசிக்குக் கொடுக்கும். செயலி தமிழில் காட்டும். அந்தக் குறுகிய வழியில் படமும் காணொளியும் போகாது. புயல் வருகிறது என்று சொல்லச் சில வரிகள் போதும். ஆனால் அது ஒருவழிச் செய்தி. படகிலிருந்து பதில் அனுப்ப அதில் இடமில்லை. மிச்சமுள்ள வேலை அங்கே இருக்கிறது.

கரையில் நடப்பது இந்தச் சிக்கனத்துக்கு நேர்மாறு. மென்பொருள் கொழுத்துக்கொண்டே போகிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார். அதே ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி நினைவகம் போதும். 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. ஆயிரம் மடங்கு. கடிதம் அடிப்பவரின் வேலை ஆயிரம் மடங்கு கூடிவிடவில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் தொடக்க காலத்தவற்றுக்கு 2 ஜிபிதான். பழுதாகாத கணினியையும் இந்தக் கணக்கு பழசாக்கிவிடுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. புதிது வாங்க முடியாதவர் என்ன செய்வார்? எல்லை ஊரான களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துகின்றன. அந்த அனுபவத்தை நாம் இன்னும் ஊன்றிப் படிக்கவில்லை.

மென்பொருளின் எடையெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் நிரலுக்கும் எடை உண்டு. தமிழுக்கும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. 'கன்னியாகுமரி' நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு, வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவது தமிழாக இருந்துவிடக் கூடாது. விளம்பரமும், பயனரைப் பின்தொடரும் நிரலும், ஓடிக்கொண்டே இருக்கும் அலங்காரப் படமும் முதலில் போகட்டும்.

கட்டுரை வாசிக்கவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மென்பொருள் எவ்வளவு நினைவகத்தில் ஓடும், ஒரு முறை திறந்தால் எவ்வளவு டேட்டா தின்னும், இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சிப்பாறை மலையோரக் காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் உள்ள பழைய கைபேசியில் அது ஓடாது என்றால், அதையும் ஆய்வு முடிவாகவே எழுதுங்கள். விவாதம் அதிலிருந்து தொடங்கட்டும். முதல் அமர்வுக்கு அவையை அழைக்கிறேன்.