இருவரை ஒரு தாளில் வரைதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற ஓவியக் கண்காட்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் பாட்டும் நடனமும் பட்டிமன்றமும் இருத்தல் இயல்பு. அவற்றினிடையே பென்சிலைப் பற்றியும் சிறிது நேரம் பேசலாம் என்று இசைந்த விழாக் குழுவினருக்கு நன்றி. எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இரண்டு மனிதர்களை ஒரே தாளில் பென்சிலால் வரைவது எவ்வாறு என்பதே அது. தனியொருவரை வரைவதற்கும் இருவரை வரைவதற்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கை வேறுபாடு அன்று. இதனை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றோம். ஆகவே அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குவோம்.

இந்த வடபுலத்துக் குளிர்காலத்தில் காலை ஒன்பது மணி வெயிலின் அருமையை நம் குடியிருப்பில் உள்ளோர் நன்கறிவர். வாயிற்படிகளிலெல்லாம் மக்கள் வந்து அமர்ந்துவிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு காலையில், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த பாட்டி ஒருவர் மேற்படியில் அமர்ந்து, இரண்டு படி கீழே அமர்ந்திருந்த எட்டு வயதுப் பேத்திக்குத் தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தார். "ஆடாம இருடி கண்ணு" என்று பாட்டி சொல்ல, பேத்தி இந்தியில் ஏதோ முணுமுணுத்தாள். பக்கத்து வீட்டுப் படியில் அமர்ந்து நாம் வரையத் தொடங்கினோம்.

பாட்டியின் முகத்திலிருந்து தொடங்கினோம். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, காதோரத்து நரை என்று ஒவ்வொன்றாக விரும்பி வரைந்தோம். முகம் நன்றாகவே அமைந்தது. பிறகு தோள், பிறகு கை. கை முடியுமிடத்தில் பேத்தியின் தலை வந்திருத்தல் வேண்டும். வந்ததோ தாளின் விளிம்பு. எஞ்சிய இடத்தில் சிறுமியை நெருக்கி அமைத்தோம். அவள் தலை சுருங்கிற்று. பாட்டியின் விரல்கள் கூந்தலை எட்டாமல் வெறும் வெளியில் நின்றன. தனித்தனியே நோக்கினால் இரண்டும் பழுதற்ற உருவங்களே. சேர்த்து நோக்கினாலோ பாட்டி யாருக்கும் பின்னவில்லை. பேத்திக்கு யாரும் பின்னிவிடவில்லை.

படத்தைப் பாட்டியிடம் காட்டினோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கை ஏன் அவகிட்டப் போகலே?" என்று கேட்டார். ஓவியக் கல்லூரியில் பல ஆண்டுகள் பயின்றோரும் இதனினும் சிறந்த திறனாய்வைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டி ஊருக்குப் புறப்பட மூன்று நாட்களே இருந்தன. ஒரு பின்னல் முடிய ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே மூன்று காலைகள். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம். அதற்குள் மீண்டும் வரைந்து முடிக்க வேண்டும். அந்த மூன்று காலைகளில் செய்தவற்றையே இங்கு முறைப்படி கூறுகிறோம்.

முதலிற் கருவிகள். பென்சிலின் உள்ளே இருப்பதை ஈயம் என்று சொல்லுவது வழக்கம். அது ஈயம் அன்று. கிராஃபைட்டு என்னும் கரி வகை. அதன் தூளோடு களிமண்ணைக் கலந்து சுட்டுக் குச்சியாக்கும் முறையை 1795இல் பிரான்சு நாட்டவரான கோந்தே என்பார் கண்டறிந்தார். களிமண் மிகுந்தால் கோடு வெளிறியும் கடினமாகவும் இருக்கும். கிராஃபைட்டு மிகுந்தால் கருத்தும் மென்மையாகவும் இருக்கும். நமக்கு வேண்டியவை எச்.பி., 2 பி, 4 பி என்னும் மூன்றே பென்சில்கள். சற்றுச் சொரசொரப்பான வரைதாள் ஒன்று, மென்மையான ரப்பர் ஒன்று, கை பட்டுக் கோடு கலையாமல் உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு வெள்ளைக் காகிதம் ஆகியவையும் இருந்தால் போதும்.

முதற் காலையில் பென்சிலை உடனே எடுக்கவில்லை, பார்த்தோம். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் மூக்குத்தியும் வளையலும் மறைந்துவிடும். இரண்டு உருவங்களும் ஒரே திரளாகத் தோன்றும். அன்று அவ்விருவரும் ஒரு சாய்ந்த முக்கோணமாகத் தோன்றினர். உச்சியில் பாட்டியின் தலை. கீழே ஒரு மூலையில் அவர் அமர்ந்த படி. மறு மூலையில் சிறுமியின் பாதம். அந்த முக்கோணத்தைத் தாளின் நடுவே எச்.பி. பென்சிலால் மிக மெல்லிய கோடுகளால் அமைத்தோம். இருவரும் அதனுள் அடங்க வேண்டும் என்பது முதல் விதி. இதைச் செய்துவிட்டால் தாளின் விளிம்பு எவரையும் தள்ளாது.

அடுத்தது அளத்தல். கையை முழங்கை மடங்காமல் நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பாட்டியின் உச்சி முதல் மோவாய் வரையுள்ள நீளத்தைப் பென்சிலின் மேல் கட்டை விரலால் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஓரளவையே மற்றெல்லாவற்றுக்கும் கோலாகக் கொள்ள வேண்டும். நம் சிற்ப நூலார் முகத்தின் நீளத்தைத் தாலம் என்று வகுத்து, தெய்வ உருவங்களுக்கு ஒன்பது, பத்துத் தாலமும் பிள்ளையாருக்கு ஐந்து தாலமும் விதித்ததும் இத்தகைய முறையே. உயிருள்ள மனிதர் நின்றால் தம் தலையளவில் ஏறத்தாழ ஏழரை மடங்கு உயரம் இருப்பர். நிமிர்ந்து அமர்ந்தால் இருக்கையிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ நான்கு. எட்டு வயதுக் குழந்தை நின்றால் தன் தலையளவில் ஆறு அல்லது ஆறரை மடங்கே இருக்கும். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். குழந்தை சிறியது என்னும் எண்ணத்தால் அதன் தலையையும் மிகச் சிறிதாக வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் எட்டு வயதுப் பிள்ளையின் தலை, வளர்ந்தோர் தலையைவிடச் சிறிதளவே சிறியது. சிறுத்திருப்பது உடலே.

தலைகள் இரண்டையும் முட்டை வடிவங்களாக மட்டும் இட்டோம். பாட்டியின் முதுகு முன்னோக்கி வளைந்திருந்த வளைவுக்கு ஒரு கோடு. தலையைச் சற்றே பின்னுக்குக் கொடுத்து அமர்ந்திருந்த சிறுமியின் முதுகுக்கு ஒரு கோடு. இவ்விரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. அவ்வளவில் பின்னல் முடிந்தது; சிறுமி பள்ளிக்கு ஓடினாள். தாளில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆயினும் ஒருவர் மற்றவருக்கு ஏதோ செய்கிறார் என்பது தெரிந்தது.

இரண்டாம் காலையில், உருவங்களை வரையாமல் அவற்றினிடையே இருந்த வெற்றிடத்தை வரைந்தோம். இதுவே இன்றைய உரையின் உயிர்நிலை. சற்றுச் செவிசாய்க்க வேண்டுகிறோம். பாட்டியின் முன்கை மேலே, அவர் மடி கீழே, அவர் மார்பு ஒரு புறம், சிறுமியின் முதுகு மறுபுறம் ஆக நான்குக்கும் நடுவே, பின்னாலிருந்த சுவர் ஒரு வெண்துண்டாகத் தெரிந்தது. நான்கு பக்கமும் சமமில்லாத அந்தத் துண்டின் வடிவத்தை, அது ஒரு பொருள் போலவே கருதி வரைந்தோம். கையை வரையும்போது நம் மனம் கை என்றால் இப்படி இருக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறது. வெற்றிடத்தைப் பற்றி நமக்கு முன்முடிவு ஏதும் இல்லை. ஆகவே கண் கண்டதையே கை எழுதுகிறது. வெற்றிடம் சரியாக அமைந்த அளவில், அதன் மேல் விளிம்பு பாட்டியின் கையாகவும் ஓர் ஓரம் பேத்தியின் முதுகாகவும் தாமே அமைந்தன. முதற் படத்தில் எட்டாத விரல்கள் இப்போது கூந்தலில் சென்று பதிந்தன.

இதனை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுவரில் 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களுள், இராசராசனும் கருவூர்த் தேவரும் என்று மக்கள் சுட்டும் படம் ஒன்று உண்டு. அவ்விருவரும் தனித்தனித் தூண்கள் போல நில்லாமல், ஒருவர் பின் ஒருவராக நெருங்கி நிற்கின்றனர். அந்நெருக்கத்தாலேயே உறவு விளங்குகிறது. சோமாஸ்கந்தத் திருமேனிகளை நினைத்துப் பாருங்கள். இறைவனுக்கும் இறைவிக்கும் நடுவே குழந்தை கந்தன். சில செப்புத் திருமேனிகளில் காலப்போக்கில் அந்தச் சிறு உருவம் பிரிந்து காணாமற்போயிற்று. ஆயினும் நடுவிலுள்ள வெற்றிடத்தைப் பார்த்த அளவிலேயே, இங்கொரு குழந்தை இருந்தது என்று நாம் அறிந்துகொள்கிறோம். இடைவெளி வெறுமை அன்று.

அன்று மீந்த சில நிமிடங்களில் 2 பி பென்சிலால் விரல்களையும் கூந்தலின் மூன்று கால்களையும் வரைந்தோம். விரல் ஐந்தையும் எண்ணி வரைய முற்பட்டால் அது வாழைச் சீப்பாகிவிடும். முதலில் கை முழுதையும் ஒரு மட்டைபோல அமைத்து, கூந்தலுக்கு வெளியே தெரியும் விரல்களை மட்டும் பிரித்துக் காட்டினால் போதும். கூந்தலையும் இழையிழையாக வரைதல் கூடாது, ஒரு கால் மற்றொன்றின் மேல் ஏறும் இடத்தின் அடியில் கருமை, மேட்டில் வெண்மை, அவ்வளவே.

மூன்றாம் காலை ஒளிக்கும் நிழலுக்கும் உரியது. வெயில் பாட்டியின் பின்புறமிருந்து சாய்வாக வந்தது. அவர் நிழல் படிகளில் இறங்கிச் சிறுமியின் தோளின் மேல் படிந்திருந்தது. ஒரே சாய்வில், நெருக்கமான கோடுகளால், பாட்டியின் புடவை மடிப்பிலிருந்து சிறுமியின் சட்டை வரை இடையில் நிறுத்தாமல் அந்த நிழலை இட்டோம். இவர் நிழல், அவர் நிழல் என்று பிரிக்கலாகாது. புடவையும் சட்டையும் உரசும் இடத்தில் எல்லைக் கோட்டையே ரப்பரால் தொட்டு அழித்துவிட்டோம். எல்லாவற்றையும் கோடு போட்டு மூடினால் உருவங்கள் கத்தரித்து ஒட்டியவை போலத் தோன்றும். கடைசியில் 4 பி பென்சிலால் மிகக் கரிய இடங்களைத் தொட்டோம். அவை மூன்றே: கூந்தலின் நடு, விரல்களுக்கு அடி, படியின் கீழ்மூலை. பார்ப்பவர் கண் கருமையைத் தேடிச் செல்லும். ஆகவே கருமையைக் கைகளின் அருகே வைத்தல் வேண்டும்.

முகங்களுக்கு எஞ்சியது இரண்டு நிமிடமே. பாட்டியின் இமையைக் கீழ்நோக்கி ஒரு கோடு. மூக்குத்திக்கு ஒரு புள்ளி. சிறுமியின் கன்னத்துக்கு ஒரு வளைவு. முதற் படத்தில் அரைமணி நேரம் உழைத்த சுருக்கங்கள் இதில் இல்லை. ஆனால் வழியில் சென்றவர் எட்டிப் பார்த்து, "நம்ம பாட்டி!" என்றார். ஒருவரை முகத்தால் மட்டும் நாம் அறிவதில்லை; அவர் மற்றொருவர் பக்கம் சாயும் சாய்வாலும் அறிகிறோம்.

அன்று மாலை பாட்டி இரயிலேறினார். முழங்கால் வலியால் அதன் பிறகு இரண்டு நாள் பயணம் அவருக்கு இயலாததாயிற்று; இத்தனை தொலைவு அவர் மீண்டும் வரவில்லை. பேத்தியும் வளர்ந்துவிட்டாள், கூந்தலைத் தோளளவாக வெட்டிக்கொண்டாள். படியும் வெயிலும் இருக்கின்றன. அந்தக் காட்சி இல்லை.

இக்கண்காட்சியில் அவ்விரு படங்களையும் அருகருகே மாட்டியிருக்கிறோம். தவறானதை மறைக்கவில்லை, கற்க விரும்பும் இளைஞர்க்கு அதுவே பயன்படும். நேற்று மாலை படங்களை மாட்டும்போது அந்தப் பெண் வந்து நின்றாள். பாட்டியின் முகத்தை அவள் முதலில் பார்க்கவில்லை. விரல்களைத்தான் சுட்டிக் காட்டினாள். "இந்தக் காலைத்தான் பாட்டி இறுக்கி இழுப்பாங்க. வலிக்கும். அப்பதான் கதை சொல்லுவாங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவ்விருவருக்கும் இடையே நடந்தது பின்னல் மட்டும் அன்று என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஊரும் கதையும் மொழியும் அந்தச் சிறு வெண்துண்டின் வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன.

கைப்பேசியை நீட்டினால் இருவரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவரையொருவர் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். பென்சிலோ அமைதியான கருவி. அதன் முன் மக்கள் தம் வேலையைத் தொடர்வார்கள். உங்கள் இல்லங்களிலும் காய் நறுக்கும் இருவர், செய்தித்தாளின் இரு பக்கங்களைப் பிரித்துப் படிக்கும் இருவர், கணக்குச் சொல்லிக் கொடுக்கும் தந்தையும் கேட்கும் மகனும் இருப்பார்கள். இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். அழகாக வருமா என்று அஞ்ச வேண்டா. இருவரையும் ஒன்றாகத் தொடங்குங்கள். இடைவெளியை முதலிற் பாருங்கள். முகத்தைக் கடைசியில் வையுங்கள். ஊரிலிருந்து வந்தவர் எவரேனும் வீட்டில் இருந்தால், அவர் திரும்பும் இரயிலின் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முன்னரே தொடங்கிவிடுங்கள்.