உப்புக் கரிக்கும் நெற்றி



பல வருஷங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "சார், புள்ள நெத்தியில முத்தம் குடுத்தா உப்பு கரிக்குது. சட்ட காஞ்சா வெள்ளையா பூத்துடுது." ஒன்றரை வயதுப் பையன். எடை ஏழு கிலோகூட இல்லை. "வெயில் காலம்மா, வேர்க்கத்தான் செய்யும்" என்று சிரித்தேன். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, காசநோய் மருந்து எழுதினேன். ஆறு மாதம் ஒரு வேளை தப்பாமல் கொடுத்தார். இருமல் அப்படியே இருந்தது.

அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். வேர்வை தோலுக்கு வரும் வழியில் அதன் உப்பில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த நோயில் அதற்கான கதவு பழுது. அதே பழுதால் நுரையீரலிலும் கணையத்திலும் சுரக்கும் நீர் பசையாக இறுகிவிடுகிறது. சளி வெளியேறாமல் கிருமி குடியேறும். கணையச் சாறு குடலுக்கு வராததால் பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மலத்தில் எண்ணெய் மினுங்கும், நாற்றம் ஊரைக் கூட்டும்.

இதன் மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான பிரதி ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் பக்கத்தில் இதை யோசிக்க வேண்டும். ஆனால் சொந்தத்துக்கு வெளியே கட்டியவர்கள் வீட்டிலும் வரும். எந்த மாமியாரும் இதை வைத்து மருமகளைப் பேச வேண்டாம்.

வெள்ளைக்காரர் நோய் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இந்தியாவிலிருந்து 1968இலேயே மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. தேடாத கண்ணுக்குத் தட்டுப்படவில்லை, அவ்வளவுதான். ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் மரபணுப் பிழை நம்மவரிடம் அவ்வளவு இல்லை. அவர்களுக்காகச் செய்த மரபணுச் சோதனை 'ஒன்றுமில்லை' என்றால், அதை நம்பி எழுந்துவிடக் கூடாது.

வேர்வைக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைக் காட்டிக் கொடுத்ததே ஒரு வெயில்தான். 1948 கோடையில் நியூயார்க் கொதித்தது. நீர்வற்றித் துவண்டு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததை டாக்டர் பால் டி சான்ட் ஆக்னீஸ் கவனித்தார். வேர்வையில் உப்பு மிகுதி என்று 1953இல் எழுதினார். அவர்களுக்கு அது அபூர்வமான வெயில். நமக்கு வருஷா வருஷம் கத்திரி. வயிற்றுப்போக்கு இல்லாமலே ஒரு குழந்தை மே மாதத்தில் துவண்டு விழுந்து, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்கியிருந்தால் இந்த நோயை நினைக்க வேண்டும்.

வேர்வைச் சோதனை வலிக்காது. முன்கையில் பைலோகார்பைன் வைத்து லேசான மின்சாரம் ஐந்து நிமிஷம், பிறகு அரைமணி நேரம் வேர்வை சேகரிப்பு. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கொள்ளலாம். இறக்குமதிக் கருவிக்குக் காத்திராமல் டெல்லி எய்ம்ஸில் குறைந்த செலவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். வேலூர் சிஎம்சியிலும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மாத்திரை பலருடைய வாழ்க்கையையே மாற்றியது. அங்கே அதன் பட்டியல் விலை வருஷத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். நம் அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையிலும் இந்த நோய் இருக்கிறது, விலை மிக அதிகமான சிகிச்சைகளின் வரிசையில். அந்த மாத்திரை நமக்கு எட்டும்வரை கையில் இருப்பவை: சாப்பாட்டில் டாக்டர் சொல்லும் அளவு கூடுதல் உப்பு, நெய், முட்டை, வேர்க்கடலை உருண்டை. சாப்பிடும்போதெல்லாம் கணைய நொதி. கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளை நசுக்காமல் பழக்கூழில் வைத்துக் கொடுக்க வேண்டும். நெபுலைசர் கருவியில் உப்புநீரைச் சுவாசித்து, முதுகிலும் மார்பிலும் தட்டிச் சளியை இறக்க வேண்டும், நாள் தவறாமல். தட்டுவதைத் தாய்மார்கள் ஒரே மதியத்தில் கற்றுக்கொள்கிறார்கள். நாங்கள் சொல்லிக்கொடுக்கத்தான் வருஷங்கள் ஆயின.

முதலில் சொன்ன அந்தப் பையனுக்குப் பின்னாளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை செய்தார்கள். தாளை என்னிடம் நீட்டியபோது அந்த அம்மா கோபப்படவில்லை. "அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார்.

அங்கன்வாடி சகோதரிகளே, எடை ஏறாத, இருமுகிற பிள்ளையின் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறதா? எடை அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் 'உப்பு' என்று எழுதி அனுப்புங்கள். அட்டையைப் பார்க்கும் டாக்டர் என்னைப் போலச் சிரித்தால், வேறு டாக்டரிடம் அனுப்புங்கள்.