நம் வாவிக்கரையைப் படம்பிடிப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் நாட்டுத் தமிழ்ச் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் அறிவித்ததும், பெரியவரொருவர் என்னை அழைத்து, “தம்பி, சமயச் சங்க மேடையில் சினிமாவா?” என்று வினவினார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும், இந்த மண்ணிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926ஆம் ஆண்டிலேயே ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக நூலைத் தந்தார். துறவு பூண்டவர் கூத்தையும் நாடகத்தையும் விலக்கி வைக்கவில்லை. அந்தத் துணிவிலேதான் சிறியேனும் இங்கு நிற்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சற்று நோக்குவோம். இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21ஆம் திகதி வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் ஒரு தமிழர், எஸ். எம். நாயகம். படம் உருவானதோ தமிழ்நாட்டில். அதன் பின்னரும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலேயே பிறந்தன. பேச்சு மட்டும் சிங்களம். நடை, உடை, பாவனை யாவும் இரவல். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கலையகத்தை விட்டு வெளியேறி, ஒரு கிராமத்தின் வெயிலிலே ‘ரேகாவ’ என்ற படத்தை எடுத்தார். அது பணம் சேர்க்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பிரான்சிலுள்ள கான் விழாவுக்குச் சென்றது. அவரே எடுத்த ‘கம்பெரலிய’ 1965இல் டில்லி உலகப் பட விழாவில் தங்க மயில் விருதைப் பெற்றது. தன் வீட்டு முற்றத்தைக் காட்டியவனைத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது!

தமிழில் நடந்தது என்ன? 1960களின் தொடக்கத்தில் ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ ஆகிய படங்கள் தோன்றின. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கு’ என்ற படத்தைத் தயாரித்து, யாழ்ப்பாணத்து உழவர் வாழ்வைத் திரையில் ஏற்றினார். 1977இல் ‘பொன்மணி’ வந்தது. சீதனமும் சாதியும் பெண்ணின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்று சொல்லும் அந்தப் படத்தின் நெறியாளர் தர்மசேன பத்திராஜ, ஒரு சிங்களவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராய் இருந்தவர். சிங்களத்தின் முதற் பேசும் படத்துக்குத் தமிழன் கைகொடுத்தான். தமிழின் சிறந்த படமொன்றுக்குச் சிங்களவன் கைகொடுத்தான். இதை நாம் மறக்கலாகாது. 1978இல் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலும் படமாயிற்று. மீனவர் வாழ்வு திரைக்கு வந்தது.

பின்னர் 1983 ஜூலை வந்தது. திரு. கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. அரும்பிய முயற்சிகள் பல கருகின.

ஆனால் நெருப்பின்மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியுமா? ‘பொன்மணி’ வெளிவந்தபோது அதைப் பார்க்கக் கூட்டம் திரளவில்லை. இந்தியப் படத்துக்கு இடிபட்டு நின்றவர்கள், நம் நாட்டுப் படத்துக்கு ஏன் போகவில்லை? இதற்கான விடையை நான் நூலகத்திலே கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டிலேயே கண்டேன்.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். அங்கே ஒரு நாடகம் போட்டோம். கதாநாயகன் நான். சினிமாவில் கேட்ட சென்னைத் தமிழில் முழங்கினேன், கைதட்டல் கிடைத்தது. தோணிக்காரனாக வந்த நண்பன் நம் ஊர்ப் பேச்சைப் பேசினான். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிரவு என் அம்மம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: “நம்மளப் போலக் கதைச்சா ஏன் மனே எல்லாரும் சிரிக்கிறாங்க?” எனக்குப் பதில் வரவில்லை. காதலுக்கும் வீரத்துக்கும் இன்னொருவர் பேச்சு, கேலிக்கு மட்டும் நம் பேச்சு என்று நாடகத்தை எழுதியவனும் நான்தானே!

இனி, நம் வாவிக்கரைக்கு வருவோம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நாம் செல்லும் மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அமிர்தகழியிலே, 1939ஆம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. அவரே பாலு மகேந்திரா. நம் நகரத்து மிஷன் பாடசாலைகளிற் படித்தவர். கித்துல்கலையில் டேவிட் லீன் ஆங்கிலப் படமொன்றை எடுத்ததைப் பள்ளிச் சுற்றுலாவிற் கண்டதே அவர் மனத்தில் விதையாய் விழுந்தது. பின்னர் பூனாவில் ஒளிப்பதிவு பயின்று, இந்தியாவின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரானார்.

1988இல் வெளிவந்த அவரது ‘வீடு’ தேசிய விருது பெற்றது. சென்னையிலே ஒரு பெண் வீடு கட்டப் படும் பாடுதான் கதை. தாம் சிறுவனாயிருந்தபோது தம் தாயார் வீடு கட்டிய வேளையில் அவரிடம் கண்ட மாற்றமே அந்தப் படத்துக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள்! மட்டக்களப்புத் தாயொருத்தியின் கவலை, சென்னை வீதியிலே, சென்னைத் தமிழிலே படமாயிற்று. அவர் 2014இல் மறைந்தார். அவருடைய கண் பழகியது இந்த வாவியின் வெளிச்சத்தில். ஆனால் அவர் படங்கள் பிறந்தது வேறு மண்ணில். அவரைக் குறை கூற நான் வரவில்லை. அவர் இங்கே படம் எடுத்திருந்தால் நாம் பார்த்திருப்போமா என்று என்னையே கேட்கிறேன்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்பீர்கள். யாழ்ப்பாணத்து இளைஞர் மதிசுதா கைத்தொலைபேசியினாலேயே ஒரு முழுநீளப் படத்தை எடுத்து முடித்தார். அந்தக் கருவி இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேருடைய சட்டைப் பையில் இருக்கிறது! கதைக்கும் பஞ்சமில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்தாடிய அண்ணாவிமார் நம்மிடையே இருக்கிறார்கள். விடியுமுன் தோணி தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் என்றும் இருக்கமாட்டார்கள்.

அந்த இரவிலே கைக்குழந்தையுடன் தப்பிய கதையை என் அம்மம்மா ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அண்மைக் காலமாக அதில் வரும் அயலவர் பெயர்களை மறந்துபோகிறார். சென்ற மாதம், கதையை நடுவிலே நிறுத்தி, “பிறகு என்ன மனே?” என்று என்னையே கேட்டார்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில், சொற்பொழிவுகளில் ஒன்றைக் குறைத்து, நம் உறுப்பினர் எடுத்த குறும்படம் ஒன்றைக் காட்டுவோம். அது நம் பேச்சிலே இருக்கட்டும். இளைஞர்கள் எடுக்கட்டும், பெரியோர்கள் முன்வரிசையில் அமர்ந்து பிழைகளைச் சொல்லட்டும். என் பங்குக்கு, அம்மம்மாவின் சூறாவளிக் கதையை இந்த விடுமுறையிலேயே படம்பிடிக்கத் தொடங்குகிறேன். அவர் பேசும்போது சபையில் எவரும் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.