மேய்க்காலைத் தரிசு என்று எழுதியது யார்?

(கும்மிடிப்பூண்டியில் இளைஞர்களுக்காக நடந்த வரைபடப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'திறந்த புவியிடத் தரவுகள்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தே பாதிப் பேர் வராமல் இருந்திருப்பார்கள். விஷயம் எளியதுதான். காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய செயற்கைக்கோள் படங்கள், வரைபடங்கள், அவற்றைக் கையாளும் மென்பொருள்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2, 2015இலிருந்து படம் எடுக்கிறது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே உங்கள் தெருவை வரையலாம். கியூஜிஸ் என்ற மென்பொருள் இவை எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும்.

2010இல் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்நாட்டுத் தலைநகரின் தெருக்களை வரைந்தார்கள். மீட்புப் பணிக்குப் போனவர்கள் கையில் அந்த வரைபடம்தான் இருந்தது. அதன் பிறகு சர்வதேச வளர்ச்சிப் பணிகளில் இந்தக் கருவிகள் இல்லாத இடமே இல்லை. நல்லதுதான். ஆனால் லண்டனில் உட்கார்ந்து வரைகிறவருக்குக் கூரை தெரியும், பாதை தெரியும். அந்தப் பாதையில் யார் பிணத்தை எடுத்துப் போகக் கூடாது என்பது தெரியாது. அதனால் ஹைட்டியை விட்டுவிட்டு நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன்.

தேர்வாய் கண்டிகை இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில்தான் இருக்கிறது. பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஊரை ஒட்டி 1,127 ஏக்கர் மேய்க்கால். ஆடு மாடு மேய்ந்தது, விறகு பொறுக்கியது எல்லாம் அங்கே. அந்த நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தபோது மக்கள் எதிர்த்தார்கள். 2009இல் பிரான்சைச் சேர்ந்த மிஷெலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை கட்டத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2012 ஜூலையில் ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் சிஜிடி தொழிற்சங்கம், ஷெர்பா, சிசிஎஃப்டி ஆகியவற்றோடு சேர்ந்து பிரான்சில் புகார் கொடுத்தன. பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தைக்காக ஓஇசிடி நாடுகள் வகுத்திருக்கும் வழிகாட்டுதல்களின் கீழ் கொடுத்த புகார் அது. 2013இல் அந்த விசாரணை முடிந்தது, ஊருக்கு நிலம் திரும்பவில்லை. இன்று அங்கே சிப்காட் இருக்கிறது. பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் கொடுக்க 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் இருக்கிறது. சென்னைக்குத் தண்ணீர், உலகத்துக்கு டயர். ஆட்டுக்கு மட்டும்தான் இடம் இல்லை.

அந்தச் சண்டை முழுவதிலும் அடியில் ஓடிய கேள்வி ஒன்றுதான்: அங்கே இருந்தது என்ன? ஊர் மக்கள் காடு என்றார்கள். வருவாய்த்துறைக் காகிதத்தைப் பொறுத்தவரை அது அரசின் புறம்போக்கு. யாருடைய பட்டாவும் இல்லை, ஆகவே யாருக்கும் இழப்பு இல்லை.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். லேண்ட்சாட் 5 என்ற செயற்கைக்கோள் 1984இலிருந்து 16 நாளுக்கு ஒருமுறை இந்த மண்ணின் மேல் பறந்து படம் எடுத்திருக்கிறது. அதன் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். 1,127 ஏக்கர் என்றால் சுமார் 5,000 புள்ளிகள். தேர்வாய் மக்கள் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அந்தப் படக்கிடங்கு முழுவதும் இலவசமாகத் திறந்தது. அந்த ஊரின் 20, 25 ஆண்டுச் சரித்திரம் 5,000 புள்ளிகளாக ஒரு சர்வரில் கிடந்தது. எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

எடுத்துப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு சின்ன உத்தி சொல்கிறேன், மதியம் நீங்களே செய்வீர்கள். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் எங்கே எவ்வளவு பச்சை என்று வந்துவிடும். பிப்ரவரி படம் மட்டும் பார்த்தால் நெல் வயலும் புதர்க்காடும் ஒன்றாகவே பசுமையாகத் தெரியும். மே மாதப் படத்தை அருகில் வையுங்கள். அறுவடை முடிந்த வயல் வெளுத்திருக்கும். வேர் ஆழமாகப் போன மரமும் புதரும் கோடையிலும் பச்சையாக நிற்கும். இருபது ஆண்டு மே மாதங்களிலும் பச்சையாக நின்ற இடத்தை வெறும் தரிசு என்று சொல்வது கஷ்டம்.

கஷ்டம் என்றுதான் சொல்கிறேன், முடியாது என்று சொல்லவில்லை. ஏனென்றால் அரசும் இதே செயற்கைக்கோள் படத்தைத்தான் பார்க்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் துணையோடு ஒன்றிய அரசு 'இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு' என்று வெளியிடுகிறது. முதல் பதிப்பு 2000இல் வந்தது. அதில் தரிசின் வகைகளில் ஒன்று என்ன தெரியுமா? 'அடர்ந்த புதர் உள்ள நிலம்.' அடர்ந்த புதராம், ஆனால் தரிசாம். கருவி சரியாகத்தான் பார்க்கிறது, பச்சையைப் பச்சை என்றுதான் பதிகிறது. அதற்குப் பிறகு ஒருவர் உட்கார்ந்து அந்தப் பச்சைக்கு ஒரு பெயர் வைக்கிறார். நிலம் கைமாறுவது அந்தப் பெயரில்தான்.

இந்தப் பெயர் வெள்ளைக்காரன் கணக்கிலிருந்து வருகிறது. வரி வராத நிலம் தரிசு. அதில் ஆடு மேய்கிறதா, விறகு கிடைக்கிறதா என்பது அவனுக்குத் தேவையில்லை. இன்றைய திருவள்ளூரின் பெரும்பகுதி அன்று செங்கல்பட்டு மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதை ஒட்டி 1892இல் வந்த அரசாணையால்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த அறிக்கை பேசிய முக்கியமான தடைகளில் ஒன்று இதுதான்: தரிசைக் கேட்டு ஒரு பறையர் விண்ணப்பம் போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. அவர் உழவும் மாட்டார், விடவும் மாட்டார். அன்றைக்கு நம் மக்கள் கேட்டபோது மிராசுக்குச் சொந்தமாக இருந்த தரிசு, நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து ஆலை கேட்டபோது யாருக்கும் சொந்தமில்லாத தரிசாகிவிட்டது. இந்த வசதியை எந்த மென்பொருளும் செய்து தராது.

ஆகவே செயற்கைக்கோள் படம் திறந்திருக்கிறது என்பதில் மட்டும் மயங்க வேண்டாம். திறக்க வேண்டியது வேறு ஒன்று. தமிழ்நாடு அரசின் இணையத்தளத்தில் இன்று பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் எல்லாம் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு வட்டத்தில் எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலம், இன்று யார் பெயரில் இருக்கிறது என்று வரைபடமாக எடுக்க அங்கே வழி இல்லை. 1979க்கும் 1987க்கும் நடுவே நடந்த யூடிஆர் திருத்தத்தில் பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே காணாமல் போனது என்பது நில உரிமை இயக்கங்கள் நெடுங்காலமாக வைக்கும் குற்றச்சாட்டு. கணினியில் ஏறியது அந்தத் திருத்தத்துக்குப் பிந்தைய பதிவு. பழைய செட்டில்மென்ட் ஏட்டில் 'டி.சி. நிலம்' என்று மசியில் எழுதியிருப்பதைத் தேட நீங்கள் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். வானத்திலிருந்து எடுத்த படம் இலவசம், தாலுகா அலுவலகத்து அலமாரிக்கு மட்டும் பூட்டு.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஒஹையோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகரை ஒட்டி கோல் ரன் என்ற குடியிருப்பு. கறுப்பின மக்கள் அரை நூற்றாண்டாகக் குழாய்த் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. மழைநீரைப் பிடித்தும் வண்டியில் கொண்டுவந்தும் காலம் தள்ளினார்கள். சாலையின் மேலே இருந்த வெள்ளையர் வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. வழக்கில் அவர்கள் பக்கம் வைத்த சான்றுகளில் ஒன்று வரைபடம். ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. அதன் மேல் குடிநீர்க் கட்டணப் பட்டியல், அதன் மேல் வீட்டில் இருப்பவர் யார் என்ற விவரம். சொல்லி முடிக்க ஒரு நாள் ஆகும் பாகுபாடு ஒரு பக்கத்தில் தெரிந்தது. 2008இல் நடுவர் குழு சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

நம் ஊரில் இந்தப் புள்ளிகளை வைக்கத் தேவையே இல்லை என்று சில சமயம் தோன்றும். கூகுள் நிறுவனம் கணினியை வைத்தே கட்டடங்களை அடையாளம் கண்டு, தெற்காசியாவுக்கும் திறந்த தரவாக வெளியிட்டிருக்கிறது. சாதி என்ற சொல்லே இல்லாத தரவு அது. திருவள்ளூர் மாவட்டத்தின் ஏதாவது ஒரு பழைய கிராமத்தைத் திறந்து பாருங்கள். கூரைகள் இரண்டு கொத்தாக இருக்கும், நடுவே வயல். எது ஊர், எது சேரி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இங்கேதான் ஓர் எச்சரிக்கையும் வருகிறது. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் அந்தச் சொல்லை எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நாமே திறந்த வரைபடத்தில் போய் அதை மறுபடி எழுதிவைத்தால் என்ன நியாயம்? திறந்த தரவு என்றால் நமக்கு மட்டும் திறந்தது என்று பொருள் அல்ல. நில முகவரும் பார்ப்பார், கலவரம் செய்ய வருகிறவனும் பார்ப்பான். அதே சமயம் பெயர் போனதோடு நடுவில் உள்ள வயலும் தூரமும் போய்விடாது என்பதால், அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கத்தான் வேண்டும். என் கருத்து இது: சாலை, குளம், தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை இவை பொது வரைபடத்தில் ஏறட்டும். யார் வீடு, யார் எந்தச் சாதி, எந்த நிலத்துக்கு யார் உரிமை கோருகிறார் என்பது ஊர்ச் சங்கத்தின் மடிக்கணினியில் தனி அடுக்காக இருக்கட்டும். எங்கே, எப்போது வெளியே வைப்பது என்று ஊர் தீர்மானிக்கும். பல்கலைக்கழகம் தீர்மானிக்கக் கூடாது, நிதி கொடுக்கிற வெளிநாட்டு அமைப்பும் தீர்மானிக்கக் கூடாது. ஆராய்ச்சி மாணவர் என்ற முறையில் இது எனக்கும் சேர்த்துத்தான்.

செங்கல் சூளைகள் பற்றியும் யாரோ எழுதிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு பாகிஸ்தானிலிருந்து வங்கதேசம் வரை 55,387 சூளைகள் இருக்கும் என்று செயற்கைக்கோள் படம் வழியாகக் கணக்கிட்டது. கொத்தடிமை ஒழிப்புக்கு உதவும் வேலை. நம் மாவட்டத்துச் சூளைகளில் இருளர்களும் ஒடிசாத் தொழிலாளர்களும் எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புகைபோக்கியைச் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும். குடும்பத்தையே கட்டிப்போடுகிற முன்பணம் அதற்குத் தெரியாது. அந்த இரண்டாவது பாதியை விசாரித்து எழுத இங்கே இருக்கிறவர்களால்தான் முடியும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த வரைவு மசோதா, அனுமதியில்லாமல் வரைபடத் தரவு வைத்திருந்தால் 100 கோடி வரை அபராதம் என்றது. அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க இருந்த முன்அனுமதிகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. தனியார் நிறுவனங்களுக்காகத் திறந்த கதவுதான். நாமும் அதே கதவு வழியாகப் போகலாம்.

மதியம் முதல் வேலை சுடுகாட்டுப் பாதை. அவரவர் ஊரில் அது எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் யார் வயலுக்குள் புகுந்து காணாமல் போகிறது என்று கியூஜிஸில் வரையுங்கள். பிறகு அதன் மேல் புலப்பட வரைபடத்தை வைப்போம். புல எண் தெரியாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு வையுங்கள். தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், அந்த நிலத்துக்கு முன்னால் என்ன பெயர் சொன்னார்கள் என்று.