விதியும் விலக்கும்



பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை என்றைக்குக் கூடும் என்று ஒரு குடியானவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் தேதிகளை அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார். "செவ்வாயும் வியாழனும்" என்பார், அவ்வளவுதான். ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சந்தை நாள்கள் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிட்டன. இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் எப்படி எழுதி வைப்பது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பீளமேட்டில் 1951-ஆம் ஆண்டிலேயே பொறியியற் கல்லூரி ஒன்று தோன்றிவிட்டது. நூற்பாலைகளுக்குப் பேர்போன அவ்வூரில் இன்று மென்பொருள் எழுதுவோரும் பலர். அவர்களுள் ஒருவர் நாள்காட்டிச் செயலி ஒன்று செய்யப் புகுந்தால், முதல் வாரத்திலேயே இக்கேள்வி அவரை வழிமறிக்கும்.

எளிதாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதிவிடுவது. நாள்தோறும் ஒலிக்கும் மணி ஒன்றைப் பத்தாண்டுகளுக்கு எழுதினால் 3,650 வரிகளுக்குமேல் ஆகும். கணிப்பொறிக்கு இது பெரும் சுமையன்று. ஆயினும் முடிவே இல்லாத நிகழ்ச்சியை எத்தனை வரி எழுதி முடிப்பது? மணியின் நேரத்தைக் கால்மணி தள்ளிவைத்தால் அத்தனை வரிகளையும் திருத்த வேண்டும். ஒரு வரி திருத்தத்திற்குத் தப்பிவிட்டால், அது பிழையா, வேண்டுமென்றே விடப்பட்டதா என்று பின்னர் யாராலும் சொல்ல இயலாது.

நம் முன்னோர் இச்சிக்கலில் விழவில்லை. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளை விட்ட கொடையாளி, நாளுக்கொரு வரியைக் கல்லில் வெட்டுவித்தாரில்லை. 'நிசதம் உழக்கு நெய்' என்று கால அளவையும் பொருளளவையும் சொல்லி, 'சந்திராதித்தவரை' என்று எல்லையையும் குறித்தார். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது அதன் பொருள். முடிவுத் தேதி இல்லாத தொடருக்கு இதைவிட அழகிய பெயரை நான் கண்டதில்லை.

கணிப்பொறியிலும் அதையே செய்கிறோம். நிகழ்ச்சி அட்டவணையில் ஒரு தொடருக்கு ஒரே வரி. தொடங்கும் நாள், நேரம், நீளம், 'வாரந்தோறும் செவ்வாய், வியாழன்' என்ற விதி, முடியும் நாள் ஆகியவை அதில் இருக்கும். முடிவு இல்லையெனில் அவ்விடம் வெறுமையாக நிற்கும். திரையில் எந்த மாதம் தோன்றுகிறதோ அம்மாதத்திற்கு மட்டும் விதியை விரித்துத் தேதிகளைப் பெறலாம். இணையத்தின் தரம் வகுப்போர் 1998-இல் 2445 என்னும் எண்ணிட்ட ஆவணத்தில் இவ்விதிகளை எழுதும் முறையை வகுத்தனர். 2009-இல் 5545 என்னும் ஆவணம் அதன் இடத்தைப் பெற்றது. அதில் ஒரு நுட்பம் காண்க: 'மாதந்தோறும் 31-ஆம் நாள்' என்று எழுதினால், அந்நாள் இல்லாத மாதங்கள் தாண்டிச் செல்லப்படும். ஆகவே அந்நிகழ்ச்சி ஆண்டில் ஏழு முறைதான் வரும். மாதக் கடைசியில் சம்பளம் என்று எண்ணி 31 என எழுதுவோர் இதை மறத்தலாகாது.

இலக்கண நூலார் விதியோடு நின்றாரல்லர். விலக்கும் சொன்னார்கள், புறனடையும் வகுத்தார்கள். நமக்கும் இரண்டாவது அட்டவணை ஒன்று வேண்டும். சில நாள் நிகழ்ச்சி நின்றுபோகும். சில நாள் தள்ளிப்போகும். சில வேளை விதியில் இல்லாத நாள் ஒன்று புதிதாகச் சேரும். மாவட்ட ஆட்சியர் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்குவதுண்டு. அங்கே ஒரு நாள் கழிந்து ஒரு நாள் சேர்கிறது.

தள்ளிப்போவதில்தான் கவனம் வேண்டும். செவ்வாய்தோறும் நடக்கும் வகுப்பு, 14-ஆம் தேதிக்கு மட்டும் 16-ஆம் தேதி வியாழனுக்கு மாறுகிறது என்று கொள்வோம். விலக்கு அட்டவணையில் 16 என்று மட்டும் எழுதினால், விதி தன் போக்கில் 14-ஐயும் காட்டும். ஒரு வகுப்பு இரண்டாகிவிடும். '14-க்கு உரியது 16-இல்' என்று எழுத வேண்டும். மறுபடியும் 17-க்குத் தள்ளினாலும் 14 என்ற மூலத் தேதி மாறாது. மனிதர் வீடு மாறினாலும் பிறந்த தேதி மாறாதது போல, அந்த வகுப்பை அடையாளம் காட்டுவது அதுவே.

இனி, இவற்றுள் மிகப் பெரிதென நான் கருதும் செய்திக்கு வருகிறேன். நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு ஞாயிறு வார விடுமுறை. சூன் மாதம் முதல் அது புதனாக மாறுகிறது. செயலி எழுதியவர் ஒரே வரியில் ஞாயிறை அழித்துப் புதன் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? விதி பழைய நாள்களுக்கும் சேர்த்தே விரியும். சென்ற ஆண்டில் அவர் முறைப்படி வீட்டிலிருந்த ஞாயிறுகளெல்லாம் வேலைக்கு வராத நாள்களாகத் தோன்றும். அவர் உழைத்த புதன்களெல்லாம் விடுமுறையில் வந்த நாள்களாகிவிடும். வருகைக் கணக்கும் கூலிக் கணக்கும் ஒருசேரப் பொய்க்கும். ஒருவர் உழைத்ததற்குச் சான்று அந்த அட்டவணை ஒன்றே ஆகலாம் அன்றோ? எனவே பழைய வரியை மே மாத இறுதியோடு முடித்து, சூன் முதல் நாளில் தொடங்கும் புதிய வரி ஒன்றை எழுதி, முன்னதன் தொடர்ச்சி இது என்று எண்ணால் பிணைக்க வேண்டும். 'இந்த ஒரு நாள் மட்டுமா, இன்று முதலா?' என்று செயலி கேட்பது தொல்லையாகத் தோன்றலாம். எனினும் அக்கேள்வியைக் கேளாத செயலியை நான் நம்பமாட்டேன்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். உலகப் பொது நேரத்தில் எல்லாவற்றையும் எழுதுக என்று சிலர் அறிவுறுத்துவர். நடந்து முடிந்தவற்றுக்கு அது தகும். இனி வரும் தொடருக்குத் தகாது. இலங்கையின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஆறு மணி முந்தியதாக இருந்தது. 2006 ஏப்பிரல் 15 முதல் அது ஐந்தரை மணியாயிற்று. கொழும்பில் காலை 9 மணி வகுப்பை 2005-இல் பொது நேரம் 3 மணி என்று எழுதி வைத்திருந்தால், மாற்றத்துக்குப் பின் செயலி எட்டரை என்று காட்டியிருக்கும். மாணவர்களோ கடிகாரம் பார்த்து ஒன்பதுக்கே வருவர். ஆகவே 'காலை 9, கொழும்பு' என்று ஊர்க் கடிகாரத்தையும் ஊரையும் எழுதுவதே முறை.

இறுதியாக, விதிக்கு அடங்காத விழாக்கள். மருதமலைத் தைப்பூசம் 2023-இல் பிப்ரவரி 5, 2024-இல் சனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11 அன்று வந்தது. ஆங்கில மாதக் கணக்கில் இதற்கு விதி எழுத முடியாது. தை மாதமும் பூச நட்சத்திரமும் கூடும் நாள் அது. தமிழ் மாதமோ 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். பிற நாள்காட்டிகளுக்கும் விதி எழுத 2015-இல் ஒரு தரம் வகுத்தனர். ஆயினும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளை வேறுபடுகையில், எதை ஏற்பது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்ய இயலாது. கோயிலார்தாம் சொல்ல வேண்டும்.

இங்கே, முதலில் நான் தள்ளிய வழியே ஏற்றதாகிறது. ஆண்டுக்கு ஒரு வரியாகத் தேதியை எழுதி, எந்தப் பஞ்சாங்கப்படி என்பதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். பஞ்சாங்கம் வெளிவராத ஆண்டுகளுக்கு வரி இராது. அவ்வாண்டுகளைத் தேடுவோருக்கு, சென்ற ஆண்டுத் தேதியை ஊகமாகக் காட்டாமல், 'நாள் இன்னும் குறிக்கப்படவில்லை' என்று செயலி சொன்னால் போதும்.